கீமோ முடிஞ்சு மலையேறும்போது வாந்தி: சில யோசனைகள்

வணக்கம் சகோதரி. ஏற்காட்டுத் தோழியை 21 நாளுக்கு ஒருமுறை புற்றுநோய்க்கு கீமோ மருந்து ஏத்தச் சேலம் கூட்டிப் போறீங்க, திரும்பும்போது வழியெல்லாம் வாந்தின்னு கேட்டிருந்தீங்க.

முடிஞ்சா அன்னிக்கு ராத்திரி சேலத்திலேயே தங்க வைங்க. 20 கொண்டை ஊசி வளைவு நல்ல உடம்பையே புரட்டும். ஏறித்தான் ஆகணும்னா, வாந்தி மாத்திரையைக் கிளம்ப அரை மணி முன்னாடியே போடலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. குமட்டல் வந்தப்புறம் போட்டா மாத்திரையும் சேர்ந்து வெளியே வந்துடும். வெறும் வயிறும் ஆகாது, ரெண்டு இட்லி போதும். முன் சீட், கண்ணாடி இறக்கி. டாஷ்போர்டு மல்லிகைச் சரத்தையும் சென்ட் டப்பாவையும் எடுத்துடுங்க.

முதல்நாளே ரத்தப் பரிசோதனை செஞ்சு ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்ப முடியுமான்னு கேளுங்க. ரத்த அணுக்களோட கவுண்ட் (எண்ணிக்கை) குறைஞ்சிருந்தா கீமோவைத் தள்ளிப் போடுவாங்க, வீணா இறங்க வேண்டாம்.

வாந்தியைவிட எனக்குக் கவலை காய்ச்சல்தான். கீமோ போட்ட 7 முதல் 14 நாளுக்குள்ள கிருமியை எதிர்க்கிற வெள்ளணு பெரும்பாலும் அடிமட்டத்தில் இருக்கும். தெர்மாமீட்டர் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டினாலோ குளிர் நடுக்கம் வந்தாலோ ராத்திரி ரெண்டு மணியானாலும் உடனே ஆஸ்பத்திரி. டாக்டரைக் கேக்காம பாராசிட்டமால் கொடுக்காதீங்க, சூட்டை மறைச்சுடும், கிருமி உள்ளேயே இருக்கும். ராத்திரி வர ஒத்துக்கற டிரைவர் ரெண்டு பேரை இப்பவே பேசி வைங்க.

சாப்பாடு சூடா, அப்பப்போ சமைச்சது. வாய்ப்புண் இருந்தா ஆரஞ்சு எரியும், வாழைப்பழம் கொடுங்க. யாராவது புற்றுநோய்க்கு நல்லதுன்னு முள்சீத்தா இலைக் கஷாயம் கொண்டு வருவாங்க. வாங்கி வச்சுட்டு, கொடுக்காம விட்டுடுங்க.