டிஸ்க் மாற்றும் முன் ஹப்பைத் தேயுங்கள்: கார் பிரேக் கேள்வி-பதில்

வீட்டு வாசலிலேயே பிரேக் டிஸ்க் (சக்கரத்தோடு சுழலும் தட்டு; பேடுகள் இரு பக்கமும் அழுத்தி அதை நிறுத்தும்) மாற்றுவது பற்றி வந்த கேள்விகளில் சில இங்கே. நம் ஊர்ச் சின்னக் கார்களில் பெரும்பாலும் பின்னால் டிரம் பிரேக்தான். அதனால் எல்லாம் முன் சக்கரக் கதை.

கே: பேட் மாற்றப் போனால், டிஸ்க்கும் போய்விட்டது என்கிறார் மெக்கானிக். நானே சரிபார்க்க முடியுமா?

முடியும். டிஸ்க்கின் விளிம்பிலோ நடுக் குமிழிலோ குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும். துரு மூடியிருந்தால் எமரி தாளால் தேய்த்துப் பாருங்கள். புதிதில் 20 மி.மீ. இருக்கும் டிஸ்க்கில் 18 என்று போட்டிருப்பது சகஜம். அளக்கும்போதுதான் பலர் ஏமாறுகிறார்கள். பேட் படாத ஓரம் தேயாமல் வரப்பு மாதிரி நிற்கும். வெர்னியரை (தடிமன் அளக்கும் கருவி) அப்படியே மாட்டினால் அந்த வரப்பைத்தான் அளப்பீர்கள். வரப்புக்கு உள்ளே இரு பக்கமும் ஒரே மாதிரி நாணயம் ஒவ்வொன்றை வைத்து, அவற்றின் மேல் வெர்னியரைப் பிடித்து அளந்து, நாணயங்களின் தடிமனைக் கழித்துவிடுங்கள். 18-க்குக் கீழே என்றால் மெக்கானிக் சொன்னது சரி. 18.2 என்று வந்தாலும் அதன் மேல் புதுப் பேட் போடாதீர்கள். பேட் தீர்வதற்குள் டிஸ்க் எல்லையைத் தாண்டிவிடும். லேத்தில் கடைந்து போடலாம்தான், ஆனால் கடைந்த பிறகும் எல்லைக்கு மேலே நிற்க வேண்டும். மாற்றினால் இடது, வலது இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள், புதுப் பேடுகளுடன்.

கே: புது டிஸ்க் போட்டு சில ஆயிரம் கிலோமீட்டர் நன்றாக ஓடியது. இப்போது 80-க்கு மேல் பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் உதறுகிறது. டிஸ்க் கோணிவிட்டதா?

கடையில் அப்படித்தான் சொல்வார்கள், இன்னொரு ஜோடியும் விற்பார்கள். பெரும்பாலும் குற்றம் டிஸ்க்கின் மேல் இல்லை, அது உட்காரும் ஹப்பின் (சக்கரம் மாட்டும் நடுப் பாகம்) மேல். பழைய டிஸ்க்கைக் கழற்றியதும் ஹப் முகத்தில் துரு பொருக்காக ஒட்டியிருக்கும். அதைத் தேய்க்காமல் புது டிஸ்க்கை மாட்டினால் அது மயிரிழை சாய்ந்து உட்காரும். ஹப்பில் தெரியாத சாய்வு டிஸ்க்கின் வெளி ஓரத்தில் பெரிதாகும். பல கார்களுக்கு 0.05 முதல் 0.1 மி.மீ. வரைதான் இந்தப் பக்கவாட்டு ஆட்டத்துக்கு அனுமதி. பிரேக் பிடிக்காத நேரத்திலும் டிஸ்க் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் பேடை உரசிக்கொண்டே போகும். அந்த இடம் மெலிந்து, தடிமன் ஏற்ற இறக்கமாகும்போது உதறல் தொடங்கும். முதலில் ஒழுங்காக ஓடி, பிறகு உதறுவது இதனால்தான்.

ஹப்பைத் தேய்க்க முதலில் கம்பி பிரஷ், அப்புறம் எமரி தாள். போல்ட்டுகளைச் சுற்றிய மூலைகளை விடாதீர்கள், அங்கேதான் துரு ஒளிந்திருக்கும். கண்ணை நம்பாமல் விரல் நுனியால் தடவிப் பாருங்கள். வீல் நட்டுகளையும் எதிரெதிராக, டார்க் ரென்ச்சால் (முடுக்கும் விசையை அளக்கும் ஸ்பானர்) ஒரே அளவில் முடுக்குங்கள். ஸ்பானரைப் பிடிக்கும் வேலையை விட இந்தத் தேய்ப்பு வேலைக்கு அதிக நேரம் ஆக வேண்டும்.

கே: பழைய டிஸ்க் ஹப்பை விட்டு வரவே மாட்டேன் என்கிறது.

முதலில் சின்ன ஸ்க்ரூ ஏதாவது பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். டிஸ்க் முகத்தில் மரை போட்ட இரண்டு ஓட்டைகள் இருந்தால் அதிர்ஷ்டம், பொருத்தமான போல்ட்டுகளை (பெரும்பாலும் 8 மி.மீ.) மாற்றி மாற்றி முடுக்கினால் அதுவே தள்ளிக்கொண்டு வரும். இல்லையென்றால் துருவை இளக்கும் ஆயில் அடித்து ஊறவிட்டு, டிஸ்க்கைச் சுற்றிச் சுற்றித் தட்டுங்கள். ஒரே பக்கம் ஓங்கி அடித்தால் பேரிங் போய்விடும்.

கே: ஜாக்கி போட்டு, கீழே ஹாலோ பிளாக் வைத்தால் போதாதா?

போதாது. ஹாலோ பிளாக் எச்சரிக்காமல் உடையும். ஜாக் ஸ்டாண்ட் இல்லாமல் வேலையைத் தொடங்காதீர்கள். சமதளத் தரையில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் இழுத்து, பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள்.

கே: பிரேக் ஆயில் மாற்ற வேண்டுமா? ஏர் எடுக்க (பிரேக் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற) வேண்டுமா?

ஹோஸைக் கழற்றாதவரை ஏர் எடுக்கத் தேவையில்லை. கேலிப்பரை (பிஸ்டனால் பேடுகளை அழுத்தும் பாகம்) கழற்றியதும் ஹோஸில் தொங்கவிடாமல் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கோடு கம்பி போட்டுக் கட்டுங்கள். பிஸ்டனை உள்ளே தள்ளும்போது மேலே டப்பாவில் ஆயில் ஏறும். வழிந்தால் பெயின்ட் உரியும். முன்பே கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிடுங்கள்.

எல்லாம் மாட்டியதும், வண்டியை நகர்த்தும் முன் பெடலைப் பலமுறை மிதியுங்கள். முதல் மிதி தரைவரை போகும். பிஸ்டன் பேடைத் தொட்ட பிறகுதான் இறுகும். இதை மறந்து வண்டியை எடுத்தவர்கள் கேட்டில் மோதியிருக்கிறார்கள்.

கே: புது டிஸ்க்குக்கு ஏதாவது பழக்கம் பண்ண வேண்டுமா?

துருப் பிடிக்காமலிருக்க அதன் மேல் எண்ணெய் பூசியிருந்தால் பிரேக் கிளீனரால் இரு பக்கமும் துடையுங்கள். பிறகு காலியான சாலையில் 60-இலிருந்து 20 வரை மிதமாகப் பிரேக் பிடித்து, இடையில் ஆறவிட்டு ஓட்டுங்கள். எட்டு, பத்து முறை செய்தால் போதும். சூடான பிரேக்கை அழுத்திக்கொண்டே நின்றுவிடாதீர்கள்.

கே: ஒரு ராத்திரி மழைக்கே புது டிஸ்க் பழுப்பாகிவிட்டது. டூப்ளிகேட்டா?

இல்லை. டிஸ்க் வார்ப்பிரும்பு, ஈரம் பட்டால் அப்படித்தான். தெருமுனை போவதற்குள் பேட் துடைத்துவிடும்.