எதிருரைக்கு ரிப்ளை போடாவிட்டால் ஒப்புக்கொண்டதாகுமா?

கேள்வி: புரோநோட்டின் பேரில் கொடுத்த 4 லட்சம் ரூபாயை வட்டியுடன் கேட்டு வழக்குப் போட்டிருக்கிறேன். "வெற்றுப் புரோநோட்டில் கையெழுத்து வாங்கினார், இருந்தாலும் 1.5 லட்சம் கட்டிவிட்டேன், ரசீது இருக்கிறது" என்று பிரதிவாதி எதிருரை (என் வழக்குக்கு எழுத்தில் தரும் பதில்) போட்டுள்ளார். அந்த ரசீது, அவர் என்னிடம் வாங்கிய நெல்லுக்கான பாக்கிக்கு நான் கொடுத்தது. அந்த எதிருரைக்கு நான் எழுத்தில் பதில் தரும் ரிப்ளை தேவையில்லை என்கிறார் என் வக்கீல். பதில் சொல்லாவிட்டால் ஒப்புக்கொண்டதாகிவிடாதா?

பதில்: ஆகாது. பிராதில் (வாதி வழக்குத் தொடுக்கும் மனுவில்) உள்ளதைப் பிரதிவாதி குறிப்பாக மறுக்காவிட்டால் ஒப்புக்கொண்டதாகக் கொள்ளலாம் என்கிறது உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் ஆணை 8, விதி 5. ரிப்ளை போடாத வாதிக்கு அப்படி ஒரு விதி கிடையாது. ஆனால் எதிருரையின் கடைசிப் பக்கங்களைப் பாருங்கள். கோர்ட் கட்டணம் கட்டி எதிர்க்கோரிக்கை வைத்திருந்தால் அது உங்கள் மேல் போட்ட பிராதுக்குச் சமம். கோர்ட் குறிக்கும் கெடுவுக்குள் பதில் போடாவிட்டால், அந்தக் கோரிக்கையைப் பொறுத்தவரை உங்களுக்கு எதிராகத் தீர்ப்பே வரலாம்.

வெற்றுப் புரோநோட்டு வாதத்துக்கு ரிப்ளை வேண்டாம். கையெழுத்தை ஒப்புக்கொண்டவர் மேல்தான் சுமை. பணம் கைமாறியது என்றே மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் பிரிவு 118 அனுமானிக்கிறது.

ரசீது விஷயத்தில் உங்கள் வக்கீலோடு நான் உடன்படவில்லை. "பணம் வரவில்லை" என்று மறுப்பதானால் பிராதே போதும். நீங்களோ "பணம் வந்தது, ஆனால் நெல் பாக்கிக்கு" என்கிறீர்கள். இது புதிய சங்கதி. எழுத்தில் இல்லாமல் குறுக்கு விசாரணையில் முதல் முறையாகச் சொன்னால், வழக்குரையில் இல்லாத சாட்சியம் என்று எதிர்த்தரப்பு தள்ளச் சொல்லும். பின்னால் ஜோடித்த கதை என்றும் வாதாடும்.

எதிர்க்கோரிக்கை இல்லாத வழக்கில் ரிப்ளைக்கு ஆணை 8, விதி 9-இன்படி கோர்ட்டின் அனுமதி வேண்டும். அனுமதி கேட்கும் இடைமனு, காரணம் சொல்லும் பிரமாண வாக்குமூலம், கையெழுத்தும் சரிபார்ப்பும் உள்ள ரிப்ளை மூன்றையும் சேர்த்தே தாக்கல் செய்து எதிர்த்தரப்புக்கு நகல் கொடுங்கள். எழுவினா (வழக்கில் தீர்மானிக்க வேண்டியவை என்று கோர்ட் வகுக்கும் கேள்விகள்) வனைவதற்கு முன்பே போடுவது நல்லது. சாட்சி விசாரணை தொடங்கிய பிறகு, ஏன் இவ்வளவு தாமதம் என்ற கேள்விக்கே பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

அதற்கு முன் பிராதை ஒருமுறை வரி வரியாகப் படியுங்கள். "இருவருக்கும் வேறு கொடுக்கல் வாங்கல் இல்லை" என்ற வாசகம் பல புரோநோட்டுப் பிராதுகளில் பழக்கத்தால் ஏறிவிடும். உங்களுடையதில் இருந்தால் நெல் பாக்கிக் கதை அதற்கு நேர் முரண். முன் சொன்னதற்கு முரணாகப் பேச ஆணை 6, விதி 7 இடம் தராது. முதலில் அதே ஆணையின் விதி 17-இன்கீழ் பிராதைத் திருத்த வேண்டும். விசாரணை தொடங்கிவிட்டால், உரிய கவனத்தோடு இருந்தும் முன்பே சொல்ல முடியவில்லை என்று காட்டினால்தான் திருத்தம் கிடைக்கும்.

ரிப்ளையில் பிராதைத் திரும்ப எழுதாதீர்கள். நெல் கொடுத்த தேதி, மூட்டை, விலை, பாக்கி, ரசீதின் வாசகம் இவை போதும். கையெழுத்து உங்களுடையதென்றால் மறுக்கவே மறுக்காதீர்கள். ரசீதில் "புரோநோட்டுக் கடனுக்காக" என்றே எழுதியிருந்தால் ரிப்ளையால் பெரிய பலன் இருக்காது, அந்த 1.5 லட்சத்தைக் கழித்துக் கேட்பதே நேர்மை.

ரிப்ளையை ஏற்றாலும் எடைச்சீட்டும் கணக்கு நோட்டும் தானாக உள்ளே வராது. பிராதோடு தராத ஆவணம் என்பதால் ஆணை 7, விதி 14(3)-இல் தனி மனு போடுங்கள். எழுவினா ஏற்கெனவே வனைந்திருந்தால், ரசீதுத் தொகை எந்தக் கணக்கைச் சேர்ந்தது என்று கூடுதல் எழுவினா கேட்டு ஆணை 14, விதி 5-இன்கீழும் ஒரு மனு வேண்டும்.