வேதாகமத்தில் இஸ்ரவேலரின் கோத்திரப் பிரிவுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

எண்ணாகமத்திலும் யோசுவாவிலும் பெயர்ப்பட்டியல் வந்ததுமே பலர் பக்கத்தைத் தள்ளிவிடுகிறார்கள். பழைய ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்த சில பகுதிகள் அந்தப் பட்டியல்களுக்குள்தான் இருக்கின்றன. கோத்திரம் ஏன் முக்கியம் என்று கேட்டால் முதலில் நான் சொல்வது நிலம்.

இஸ்ரவேலில் ஒரு குடும்பத்துக்குக் காணியாட்சி, அதாவது பரம்பரை நிலம், கோத்திரத்தின் வழியாகவே வந்தது. கோத்திரம் (யாக்கோபின் வழிவந்த பெரும்பிரிவு), அதற்குள் வம்சம், அதற்குள் வீடு, அதற்குள் ஆள். எரிகோவில் விலக்கப்பட்ட பொருளைத் திருடிய ஆகான் பிடிபடும்போது (யோசுவா 7) இந்த அடுக்கு முழுவதும் தெரியும்: முதலில் யூதா கோத்திரம், பிறகு சேராவின் வம்சம், பிறகு சப்தியின் வீடு, கடைசியில் ஆகான். எண்ணாகமம் 26இல் யுத்தத்துக்குப் போகத்தக்கவர்களை எண்ணுகிறார்கள், 6,01,730 பேர். எண்ணி முடித்த கையோடு வருகிற கட்டளை நிலப் பங்கீடு பற்றியது. பெரிய கோத்திரத்துக்கு அதிகம், சிறியதற்குக் குறைவு, பங்கிடுவது சீட்டுப்போட்டு. எண்ணாகமம் 1இல் வரும் முதல் கணக்கில் 59,300 பேராக இருந்த சிமியோன் இதில் 22,200 ஆகச் சுருங்கிவிட்டது. பின்னால் அதற்குக் கிடைத்த பங்கும் யூதாவின் எல்லைக்குள்ளேயே. லேவிக்கு நிலமே கிடையாது, குடியிருக்க 48 பட்டணங்கள் மட்டும்.

இந்தப் பின்னணியோடு செலொப்பியாத்தின் குமாரத்திகளைப் படிக்க வேண்டும். மனாசே கோத்திரத்து செலொப்பியாத்துக்கு ஆண்பிள்ளை இல்லை. மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள் என்ற ஐந்து பெண்களும் மோசேக்கும் சபை அனைத்துக்கும் முன்பாக நின்று, மகன் இல்லாததால் எங்கள் தகப்பன் பேர் அற்றுப்போக வேண்டுமா, எங்களுக்கும் காணியாட்சி கொடுங்கள் என்று கேட்கிறார்கள் (எண்ணாகமம் 27). அவர்கள் கேட்பது நியாயம் என்று கர்த்தரே சொல்கிறார். ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. 36ஆம் அதிகாரத்தில் கோத்திரத்துப் பெரியவர்கள் வருகிறார்கள்: இவர்கள் வேறு கோத்திரத்தில் வாழ்க்கைப்பட்டால் எங்கள் நிலமும் கூடவே போய்விடுமே! அதனால் சொந்தக் கோத்திரத்துக்குள்தான் மணம் என்று தீர்ப்பாகிறது. பெண்ணுக்கு உரிமை கொடுத்த அதே சட்டம் அவள் யாரை மணக்கலாம் என்பதற்கு எல்லையும் போட்டது. இரண்டையும் சேர்த்துப் படிப்பதுதான் நேர்மை என்று நினைக்கிறேன்.

1910இல் வடராஜ்யத்தின் தலைநகரான சமாரியாவைத் தோண்டியபோது மையால் எழுதிய பானை ஓடுகள் கிடைத்தன. கி.மு. 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. திராட்சரசமும் எண்ணெயும் எங்கிருந்து வந்தன என்ற கணக்கு. அதில் வரும் இடப்பெயர்களில் மனாசேயின் வம்சப் பெயர்கள் பல இருக்கின்றன. நோவாளும் ஒக்லாளும் அவற்றில் உண்டு! அந்தப் பெண்களின் பெயர் அரசாங்கக் கணக்கில் ஊர்ப்பகுதியின் பெயராக நின்றிருக்கிறது. இதை அறிந்த பிறகு எந்த வம்ச அட்டவணையையும் என்னால் வேகமாகக் கடக்க முடியவில்லை.

நாபோத் தன் திராட்சத்தோட்டத்தை ஆகாப் ராஜாவுக்கு விற்க மறுத்ததும் நிலம் பரம்பரைச் சொத்து என்பதால்தான். நல்ல விலை கிடைத்தாலும் பிதாக்களின் சுதந்தரத்தை (அவர்கள் விட்டுச்சென்ற சொத்தை) கொடுக்க அவனுக்கு மனமில்லை, உயிரைக் கொடுத்தான்.

கோத்திரப் பற்று எப்போதும் நன்மையே செய்தது என்று நான் சொல்லமாட்டேன். தெபொராளின் பாட்டில் (நியாயாதிபதிகள் 5), யுத்தத்துக்கு வராத ரூபனும் தாணும் ஆசேரும் பேர் சொல்லியே கண்டிக்கப்படுகிறார்கள். கிபியா ஊரில் ஒரு பெண்ணைக் கெடுத்துச் சாகடித்த கொடுமைக்குக் காரணமானவர்களை ஒப்படைக்க பென்யமீன் மறுத்தது. வந்த சண்டையில் மிஞ்சியது 600 ஆண்கள். அதன் பிறகு, ஒரு கோத்திரமே அற்றுப்போகிறதே என்று அழுதவர்கள் அதை அழித்த சகோதரர்கள்தான். அந்தக் கோத்திரத்தைக் காப்பாற்ற அவர்கள் செய்தவை, பெண்களைப் பிடித்துக்கொண்டு போனது உட்பட, வாசிக்கவே கூசும்.

நிலம் கையைவிட்டுப் போனபின்னும் கோத்திரம் மறக்கப்படவில்லை. வடராஜ்யம் அசீரியரிடம் விழுந்து எழுநூறு ஆண்டுகளுக்கும் மேலான பிறகு, தேவாலயத்தில் குழந்தை இயேசுவைக் கண்ட அன்னாளை லூக்கா அறிமுகப்படுத்துகிறார்: ஆசேர் கோத்திரத்தாள். பவுலும் தன்னைப் பென்யமீன் கோத்திரத்தான் என்றே சொல்லிக்கொள்கிறார்.

நீங்கள் தொடங்குவதானால் எண்ணாகமம் 27, 36, யோசுவா 17 மூன்றையும் ஒரே மூச்சில் வாசியுங்கள். கடைசி அதிகாரத்தில் அந்தப் பெண்கள் தங்கள் பங்கை வாங்கியே விடுகிறார்கள்.