அன்றாட வாழ்வில் குப்பையையும் தேவையில்லாத நுகர்வையும் குறைக்க நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

எங்கள் வீடு பாளையங்கோட்டையில். நான், கணவர், மாமியார், இரண்டு பிள்ளைகள். மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரிப்பதெல்லாம் வேண்டியதுதான். ஆனால் எங்கள் வீட்டுக் குப்பை நிஜமாகவே குறைந்தது, கடைக்குப் பாத்திரம் எடுத்துக்கொண்டு போக ஆரம்பித்த பிறகுதான்.

ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைகளுக்கும் கப்புகளுக்கும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் வந்தது. இருந்தும் ராத்திரி ஒரு புரோட்டா கடையில் போய் நின்று பாருங்கள். கொதிக்கக் கொதிக்கச் சால்னாவைக் கவரில் ஊற்றி, நூலைச் சுற்றி ஒரு இழுப்பு இழுத்துக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். எண்ணெய் பிடித்த அந்தக் கவரை எந்தப் பழைய பேப்பர் கடையிலும் வாங்க மாட்டார்கள். தெருவில் கிடந்தால் மாடு தின்னும். அதனால் எங்கள் தூக்குச்சட்டி வண்டிச் சாவிக்குப் பக்கத்து ஆணியில்தான் தொங்கும். அடுக்களைக்குள் இருந்தால் எடுக்க மறந்துபோகும்.

பலசரக்குக் கடையில்தான் கொஞ்சம் பொறுமை வேண்டும். காலி டப்பாவை முதலில் தராசில் வைத்து, பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டுப் பருப்பைப் போடச் சொல்ல வேண்டும். அதற்கென்று எலக்ட்ரானிக் தராசில் பொத்தான் இருக்கிறது. ஆரம்பத்தில் கடைக்காரர், "பாக்கெட் போட்டு ரெடியா இருக்கேம்மா, எடுத்துட்டுப் போங்களேன்" என்பார். "பரவால்ல அண்ணாச்சி, கூட்டம் குறையட்டும், நான் நிக்கேன்" என்பேன். இப்போது என்னைப் பார்த்ததுமே டப்பாவுக்குக் கையை நீட்டுகிறார். இதில் இன்னொரு நன்மை, டப்பா கொள்ளும் அளவுக்குமேல் வாங்க முடியாது. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்பதெல்லாம் நம் பக்கம் வராது. வண்டு விழுந்து கொட்டுகிற பருப்பும் இல்லை.

மீனுக்கு ஓலைப்பெட்டி. மாமியார் திசையன்விளைப் பக்கம், அவர்களுக்கு இது பிறந்ததிலிருந்து பழக்கம். கழுவி வெயிலில் காயப்போட்டால் வாடை போய்விடும். பெட்டி பிய்ந்துபோனாலும் அதுவும் ஓலைதானே, மண்ணோடு போகும். பெட்டிக்குக் கொடுக்கிற காசு அதை முடைகிற பெண்களுக்குப் போகிறது என்பதும் எனக்குச் சந்தோஷம்.

காய்கறித் தோலும் மிஞ்சிய சோறும் மொட்டைமாடியில் ஓட்டை போட்ட வாளிக்குள் போகும். ஒரு பங்கு ஈரக்கழிவு என்றால் இரண்டு பங்கு சருகு, மேலே கொஞ்சம் புளித்த மோர். நாற்றம் வந்தால் ஈரம் கூடிவிட்டது, காற்றுப் போகவில்லை என்று அர்த்தம். சருகைச் சேர்த்துக் கிளறிவிட்டால் சரியாகும். இரண்டு மாதத்தில் செடிக்குப் போடலாம். நாம் தெருவில் கொடுக்கும் குப்பை மாநகராட்சியின் ராமையன்பட்டிக் குப்பைக் கிடங்குக்குப் போகிறது. அங்கே தீப்பிடித்தால் சுற்றியிருக்கிற ஊர்க்காரர்கள் அந்தப் புகையைத்தான் சுவாசிக்க வேண்டும். நம் வீட்டு அழுகலாவது அங்கே போகாமல் இருக்கட்டும்.

துணி விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பு. பாபநாசத்தில் பரிகாரம் என்று உடுத்திய துணியைத் தாமிரபரணி ஆற்றிலேயே விட்டுவிட்டு வருகிறோமே, அது எங்கே போகிறது என்று நினைக்கிறீர்கள்? பாலியஸ்டர் சேலை மக்காது. மரவேரிலும் பாறையிலும் சுற்றிக்கொண்டு கிடக்கிறது. தன்னார்வலர்கள் ஆற்றில் இறங்கி மூட்டை மூட்டையாக இழுத்துப் போடுகிறார்கள். நம் குடிதண்ணீரே தாமிரபரணிதான். எங்கள் வீட்டில் ஈரத்துணியைப் பிழிந்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவோம். மாமியாரிடம் இதைச் சொன்னபோது, "ஆத்தை அழுக்காக்கினா புண்ணியமா சேரும்?" என்று அவர்களே கேட்டுவிட்டார்கள். தீபாவளிக்கு ஆளுக்கு ஒரு பருத்தி உடுப்பு, மற்றபடி கிழிந்தால்தான் புதிது.

அதே ஆற்றுத் தண்ணீர் ஊரெல்லாம் குழாயில் வருகிறது. கல்யாணப் பந்தியிலோ ஒவ்வொரு இலைக்கும் ஒரு குட்டி பாட்டில், பாதி குடித்து மீதி இலையோடு போகும். தண்ணீர் பாக்கெட்டுக்குத் தடை உண்டு, பாட்டிலுக்கு இல்லை. என் கொழுந்தனார் கல்யாணத்தில் சமையல்காரரிடம் முன்கூட்டியே பேசி, எவர்சில்வர் தம்ளரும் தண்ணீர் ஊற்ற இரண்டு பையன்களும் ஏற்பாடு செய்தோம். தம்ளர் வாடகையைச் சேர்த்துப் பார்த்தாலும் பாட்டிலைவிடச் செலவு குறைவு. உங்கள் வீட்டில் விசேஷம் வந்தால் பந்தலுக்கு முன்பணம் கொடுக்கும்போதே இதைப் பேசிவிடுங்கள், கடைசி நேரத்தில் முடியாது.

பால் கவரை மட்டும் இன்னும் தவிர்க்க முடியவில்லை. மூலையைத் துண்டாக வெட்டி எறியாமல் ஒட்டியபடியே விட்டு, கழுவி, கொடியில் காயவைத்துச் சேர்த்தால் பழைய பேப்பர் கடையில் எடைக்கு எடுத்துக்கொள்கிறார்கள். அக்கம்பக்கத்தில் கறவைமாடு வைத்திருப்பவர்கள் இருந்தால் செம்பில் வாங்கிக்கொள்ளுங்கள், அந்த வேலையும் மிச்சம்.