விர்ச்சுவல் மெஷினில் (ஒரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) வல்கன் என்ற கிராஃபிக்ஸ் இடைமுகத்தை ஓட்டும்போது சிபியு நேரமும் ஜிபியு நேரமும் ஏன் ஒத்துப்போவதில்லை?

நீங்கள் சொல்வது: சிபியு வேலையை அனுப்பும் முன்பே ஜிபியு அதை முடித்துவிட்டதாக வரைபடம் காட்டுகிறது, தொடக்கத்தில் ஒருமுறை வித்தியாசத்தைக் கழித்தும் அரை மணி நேரத்தில் மறுபடி விலகுகிறது. இதே படத்தை வைத்துக்கொண்டு ஒரு வாரம் தூக்கமில்லாமல் இருந்திருக்கிறேன்.

உங்கள் கிராஃபிக்ஸ் டிரைவர் இரண்டு கடிகாரங்களையும் ஹோஸ்டில் (உண்மையான கணினியில்) படித்து கெஸ்டுக்கு (உள்ளே ஓடும் விர்ச்சுவல் மெஷினுக்கு) அனுப்புகிறதா என்று முதலில் பாருங்கள். என் கோளாறு அங்கேதான் இருந்தது. லினக்ஸின் கிளாக் மோனோடோனிக் என்ற கடிகாரம் ஏறத்தாழ பூட் ஆன கணத்திலிருந்து எண்ணுகிறது. ஹோஸ்ட் பூட் ஆனது போன மாதம், கெஸ்ட் பூட் ஆனது இன்று காலை. கழித்தாலும் போதாது: இரண்டிலும் என்டிபி (நெட்வொர்க் வழியே கணினியின் மணியைச் சரிசெய்யும் முறை) தனித்தனியே வேகத்தைத் திருத்துகிறது. நொடிக்கு வெறும் 20 மைக்ரோ செகண்ட் வேறுபட்டாலே அரை மணியில் 36 மில்லி செகண்ட். 60 ஹெர்ட்ஸில் இரண்டு ஃபிரேமுக்கு மேல்.

மேசா என்ற திறமூல கிராஃபிக்ஸ் தொகுப்பில் விர்ச்சுவல் மெஷினுக்கென்றே இருக்கும் வீனஸ் டிரைவர் செய்வதுதான் சரி என்பேன். சிபியு கடிகாரத்தைக் கெஸ்டிலேயே படிக்கிறது. ஜிபியு கடிகாரத்துக்கு மட்டும் ஹோஸ்டிடம் போகிறது. போகும் முன் ஒருமுறை, வந்த பின் ஒருமுறை மணி பார்த்து, அந்த இடைவெளியையும் கணக்கில் சேர்த்து, மேக்ஸ் டீவியேஷன் (இரண்டு நேரங்களும் அதிகபட்சம் எவ்வளவு விலகியிருக்கலாம் என்ற அளவு) என்று தருகிறது. அந்த எண்ணைத் தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள். ஹோஸ்டில் இந்த அழைப்புகளுக்குப் பதில் தரும் ரெண்டரர் த்ரெட் தூங்கிக்கொண்டிருந்தால் முதல் அழைப்பில் அது எக்கச்சக்கமாக இருக்கும். நான் இருபது முறை கேட்டு, டீவியேஷன் மிகக் குறைந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொள்கிறேன். சில நொடிகளுக்கு ஒருமுறை மறுபடி இதையே செய்து, அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே நேர்கோடு போடுகிறேன். லினக்ஸின் இன்னொரு கடிகாரமான மோனோடோனிக் ரா கிடைத்தால் அதையே எடுங்கள், என்டிபி அதன் வேகத்தைத் தொடாது.

இன்னொன்று. ஜிபியு தருவது நானோ செகண்ட் அல்ல, டிக், அதாவது அதன் கடிகாரத் துடிப்புகளின் எண்ணிக்கை. ஒரு டிக் எத்தனை நானோ செகண்ட் என்று டிரைவர் சொல்லும் டைம்ஸ்டாம்ப் பீரியடால் பெருக்க வேண்டும். இன்டெல் டைகர் லேக்கில் கடிகாரம் 19.2 மெகாஹெர்ட்ஸ், அதாவது ஒரு டிக் சுமார் 52 நானோ செகண்ட். அந்த எண்ணிக்கையில் செல்லுபடியாகும் பிட் 36தான் என்றால் 59 நிமிடம் 39 நொடியில் எண்ணிக்கை பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். ஒரு மணி நேர டிரேஸ் (நேரப் பதிவு) எடுத்தால் எங்காவது ஓரிடத்தில் நேரம் பின்னோக்கிப் போவதாகத் தெரிவது இதனால்தான். அடுத்தடுத்த இரண்டு எண்ணிக்கைகளைக் கழிக்கும்போது 36 பிட்டுக்கு மாஸ்க் போட்டுவிடுங்கள், அதாவது விடையின் கீழ் 36 பிட்டை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.