ஏலத்தோட்ட மண்ணிலிருந்து எண்டோசல்பான் பாதிதான் வருகிறதா?

வணக்கம். குமுளி ஏலத்தோட்ட மண்ணை மீமாறுநிலை கார்பன் டை ஆக்சைடில் (அழுத்தமும் வெப்பமும் ஏற்றி, வாயுபோல ஊடுருவி திரவம்போலக் கரைக்கும் நிலையில்) பிரித்தால், சாக்ஸ்லெட்டில் (சூடான கரைப்பானைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பிரிக்கும் பழைய கருவியில்) கிடைக்கும் எண்டோசல்பான் பூச்சிமருந்தில் பாதிதான் வருகிறது, சோதனைக்காக நீங்களே மண்ணில் கலந்த மருந்து மட்டும் முழுசாக வருகிறது, நடுவில் குழாய் வேறு அடைக்கிறது என்று கேட்டிருந்தீர்கள்.

கருவி மேல் தப்பில்லை. நேற்று கலந்த மருந்து மண்துகளின் மேலாகவே இருக்கும், வருஷக்கணக்கில் கிடந்தது மக்குக்குள் (மக்கிய இலைதழைப் பொருளுக்குள்) புகுந்து ஒட்டியிருக்கும், அந்த மலைமண்ணில் மக்கு ரொம்ப அதிகம். அழுத்தத்தை மட்டும் ஏற்றிக்கொண்டே போகாதீர்கள். 40 டிகிரியில் 100 பாரிலிருந்து 300 பாருக்குப் போனால் வாயுவின் அடர்த்தி மில்லிலிட்டருக்கு 0.63 கிராமிலிருந்து 0.91க்கு ஏறும், கரைக்கும் திறனும் கூடும், ஆனால் ஒட்டியதைப் பெயர்க்க அது போதாது, ஏனென்றால் இந்த வாயுவுக்கு முனைவுத்தன்மை (மூலக்கூறின் ஒரு பக்கம் நேர்மின், மறுபக்கம் எதிர்மின் என்ற தன்மை) கிடையாது. 5 முதல் 10 சதவீதம் மெத்தனால் சேருங்கள், வெப்பத்தையும் கூட்டுங்கள், ஓட்டத்தைத் திறக்குமுன் கால்மணி நேரம் அப்படியே ஊறவிடுங்கள். எண்டோசல்பான் மண்ணில் சிதைந்து உண்டாகும் எண்டோசல்பான் சல்பேட்டையும் அளக்கிறீர்கள்தானே? பழைய மண்ணில் அதை விட்டால் கணக்கே தப்பு.

அடைப்புக்குக் காரணம் அநேகமாக ஈரம். வெளியேறும் முனையில் வாயு சட்டென்று விரிந்து குளிரும்போது தண்ணீர் பனிக்கட்டியாகி அடைத்துவிடும், முனையைச் சுற்றி வெள்ளையாக உறைபனி படிவதைப் பார்த்திருப்பீர்கள். மண்ணை நிழலில் உலர்த்துங்கள் (அடுப்பில் வேண்டவே வேண்டாம், மருந்து ஆவியாகிவிடும்), ஈரத்தை உறிஞ்ச நீரற்ற சோடியம் சல்பேட் கலந்து நிரப்புங்கள், முனையைச் சூடாக வையுங்கள்.

அப்புறம் அதே மண்ணை இரண்டாம் தடவை பிரித்து என்ன வருகிறது என்று எழுதுங்கள், மிச்சம் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிடலாம்.