டீகார்பனைசிங்குக்கு 900 ரூபாய்: கொடுக்கலாமா, வேண்டாமா?

கேள்வி: 2021-இல் வாங்கிய 125 சிசி பிஎஸ்-6 பைக், 14,000 கி.மீ. ஓடியிருக்கிறது. மைலேஜிலும் பிக்கப்பிலும் குறையில்லை. சர்வீஸுக்கு விட்ட இடத்தில் “உள்ளே கார்பன் பிடித்திருக்கும்” என்று சொல்லி, டீகார்பனைசிங்குக்கு (இன்ஜினுக்குள் படிந்த கரியை எடுக்கும் வேலை) 900 ரூபாயை எஸ்டிமேட்டில் சேர்த்துவிட்டார்கள். அவசியமா?

பதில்: அவசியமில்லை. ‘பிடித்திருக்கும்’ என்று சொன்னார்களே தவிர, யாரும் எதையும் திறந்து காட்டவில்லை. வண்டியோடு வந்த கையேட்டில் எத்தனை கி.மீ.க்கு என்ன வேலை என்று அட்டவணை இருக்கும். அதில் இது இல்லையென்றால் எஸ்டிமேட்டிலிருந்து அடிக்கச் சொல்லுங்கள்.

பெட்ரோல் எரியும் எந்த இன்ஜினிலும் பிஸ்டன் தலையில் மெல்லிசாகக் கரி படியத்தான் செய்யும். அதனால் கெடுதல் இல்லை. கார்பன் பயம் பெரும்பாலும் கார்களிடமிருந்து வந்தது. டைரக்ட் இன்ஜெக்‌ஷன் கார்களில் பெட்ரோல் நேரே சிலிண்டருக்குள் பாய்கிறது. இன்டேக் வால்வின் முதுகில் பெட்ரோல் படுவதே இல்லை, ஆயில் ஆவி மட்டும் படிந்து கெட்டியாகும். உங்கள் பைக்கில் இன்ஜெக்டர் வால்வுக்கு முன்னால், இன்டேக் பாதையில் இருக்கிறது. பெட்ரோல் அந்த வால்வைக் கழுவிக்கொண்டேதான் உள்ளே போகிறது.

சந்தேகம் தீரவில்லையா? ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். அதற்கு முன் 10 கி.மீ.யாவது ஓட்டியிருக்க வேண்டும். வீட்டு வாசலில் ஐடிலில் விட்டுப் பார்த்தால் நல்ல இன்ஜினின் பிளக்கும் கறுப்பாகத்தான் தெரியும். இன்ஜின் நன்றாக ஆறியதும் பிளக் குழியைச் சுற்றியுள்ள மண்ணை ஊதிவிட்டு, கிட்டில் உள்ள ஸ்பேனரால் கழற்றுங்கள். முனை வெளிர் பழுப்பாக இருந்தால் எல்லாம் சரி. தொட்டால் விரலில் ஒட்டும் காய்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது. ஈரமாக, பிசுபிசுவென்று கறுத்திருந்தால் ஆயில் எரிகிறது. திரும்பப் போடும்போது ஸ்பேனரை வைக்காமல் வெறும் கையால் கடைசிவரை சுற்றுங்கள். பிறகு பழைய பிளக் என்றால் லேசாக ஓர் இழுப்பு, புதிது என்றால் வாஷர் நசுங்க அரைச்சுற்று. பிளக் மாட்டும் சிலிண்டர் ஹெட் (சிலிண்டரின் மேல்மூடி) அலுமினியம், மரை போனால் 900 ரூபாயில் முடியாது.

இன்னும் தெளிவாகப் பார்க்க வேண்டுமென்றால், போனில் செருகும் 5.5 மி.மீ. போரோஸ்கோப் கேமரா பிளக் ஓட்டை வழியாகவே உள்ளே போகும். பிஸ்டன் தலையை நீங்களே பார்த்துவிடலாம்.

கேள்வி: என் எஃப்ஐ (ஃபியூயல் இன்ஜெக்‌ஷன்) பைக் சிக்னலில் நிற்கும்போது அணைந்துவிடுகிறது. இதுவும் கார்பன்தானா?

பதில்: பெரும்பாலும் ஆம், ஆனால் இன்ஜினுக்குள் அல்ல. இன்ஜினுக்குப் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியின் தட்டு ஓரத்திலும், ஐடில் காற்றுப் பாதையிலும் படியும் கறுப்புப் பசைதான் காரணம். ‘த்ராட்டில் பாடி மட்டும் சுத்தம் செய்யுங்கள்’ என்று கேளுங்கள். கிளீனரைத் துணியில் நனைத்துத் துடைக்க வேண்டும், சென்சார் மேல் பீய்ச்சக் கூடாது. சில மாடல்களில் துடைத்த பிறகு ஐடிலை ஸ்கேனரில் ரீசெட் செய்ய வேண்டியிருக்கும். அந்த வசதி இல்லாத இடத்தில் கொடுக்காதீர்கள்.

கேள்வி: 2012 மாடல் 100 சிசி கார்புரேட்டர் வண்டி, 60,000 கி.மீ. ஓடிவிட்டது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை, பிளக் மாதம் ஒருமுறை கறுத்துப்போகிறது. பிளக் ஓட்டையில் கெமிக்கல் ஊற்றினால் சரியாகும் என்கிறார் மெக்கானிக்.

பதில்: ஆகாது. கரி விளைவுதான், காரணம் ஆயில். அதை அடைக்காமல் கரியை மட்டும் எடுத்தால் சில மாதங்களில் திரும்ப வரும்.

ஆயில் எங்கிருந்து வருகிறது என்பதைப் புகையே சொல்லும். இரவு நின்ற வண்டியில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் நீலப் புகை வந்து அடங்கினால் வால்வு சீல் (வால்வு வழியே ஆயில் இறங்காமல் தடுக்கும் ரப்பர்) போயிருக்கிறது. ஆக்சிலேட்டர் முறுக்கும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங் அல்லது சிலிண்டர் போர் (உள்சுவர்) தேய்ந்திருக்கிறது. குளிர்காலக் காலையில் வெள்ளையாக வந்து உடனே மறைவது நீராவி, அதற்குச் செலவு வேண்டாம். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் சீல்தான். ஆனால் ஹெட்டைக் கழற்றுமுன் சிலிண்டருக்குள் உள்ள அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அளவு குறைவாக இருந்தால் பிளக் ஓட்டையில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்ப்பார்கள். அளவு ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் கசிவு வால்வில்தான்.

ஊற்றும் கெமிக்கலில் இரண்டு ஆபத்து உண்டு. ஊறிய திரவத்தை வெளியேற்றாமல் பிளக்கைப் போட்டு ஸ்டார்ட் செய்தால், திரவம் அமுங்காது, கனெக்டிங் ராட் வளையும். இன்னொன்றைப் பலரும் சொல்வதில்லை. மிச்சம் ரிங் இடுக்கில் இறங்கி ஆயிலில் கலக்கும். பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச்சும் அதே ஆயிலில்தான் ஓடுகிறது. எனவே இந்த வேலை எங்கே நடந்தாலும், பிளக் இல்லாமல் ஓட்டையைத் துணியால் மூடி இருபது தடவையாவது கிக்கரை உதைத்துத் துப்பவைக்க வேண்டும், பிறகு கொஞ்ச தூரம் ஓட்டி அன்றே ஆயிலை மாற்ற வேண்டும். ஆயில் மாற்றமும் அதே விலையில் சேருமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்களுக்குச் சரியான வழி ஹெட்டை இறக்குவதுதான். வால்வு சீல் இரண்டும் ஹெட் கேஸ்கெட்டும் புதிது. பழைய கேஸ்கெட்டையே திரும்பப் போடச் சம்மதிக்காதீர்கள். கரியைச் சுரண்ட மரக்குச்சி, பிளாஸ்டிக் அல்லது பித்தளை பிரஷ்தான். ஸ்க்ரூ டிரைவரும் எமரி ஷீட்டும் அலுமினியத்தில் கோடு போடும், அந்தக் கோட்டில்தான் அடுத்த கரி முதலில் பிடிக்கும். வால்வு கிரைண்டிங் முடிந்ததும் போர்ட்டில் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றி வால்வு ஓரம் கசிகிறதா என்று உங்கள் கண்முன் காட்டச் சொல்லுங்கள். மாட்டிய பிறகு டேப்பட் இடைவெளியை (வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி) ஃபீலர் கேஜ் என்ற அளவுத் தகட்டால் வைக்க வேண்டும், காதால் அல்ல. கழற்றிய பழைய சீல்களைக் கேட்டு வாங்குங்கள். ரப்பர் கல்லாக இறுகியிருந்தால் செலவு வீணில்லை.

கேள்வி: பெட்ரோலில் ஊற்றும் கிளீனர் பாட்டில், பிரீமியம் பெட்ரோல் இரண்டில் எது கார்பனை எடுக்கும்?

பதில்: ஆக்டேன் எண் கரியைத் தொடாது. 95 ஆனாலும் 100 ஆனாலும் அது நாக்கிங்கை (பெட்ரோல் தாறுமாறாக எரிந்து இன்ஜின் தட்டுவது) தடுக்கும் திறனுக்கான எண் மட்டுமே. சுத்தம் செய்வது டிடெர்ஜென்ட். பாட்டில் வாங்கினால் பாலிஈதர்அமைன் என்று எழுதியிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். கார் டேங்குக்கான பாட்டில் பைக்குக்குப் பல மடங்கு அதிகம், எனவே லேபிளில் லிட்டருக்கு எத்தனை மி.லி. என்று பார்த்து, ஊசியில்லா சிரிஞ்சில் அளந்து ஊற்றுங்கள். ஆயில் மாற்றப்போகும் சமயத்துக்கு முந்தைய டேங்கில் ஊற்றுவது நல்லது. இன்ஜெக்டருக்கும் இன்டேக் வால்வுக்கும் பலன் தெரியும். எக்ஸாஸ்ட் வால்வில் இறுகிய கரிக்கு எதிர்பார்க்காதீர்கள்.

கேள்வி: ஹைட்ரஜன் மெஷின் வைத்து அரை மணி நேரத்தில் எடுக்கிறார்களே?

பதில்: போரோஸ்கோப்பில் முன்னும் பின்னும் படம் காட்டச் சம்மதித்தால் யோசிக்கலாம். சைலன்சரில் வழியும் கறுப்புத் தண்ணீரைக் காட்டினால் ஏமாறாதீர்கள். பெட்ரோல் எரிந்தாலே தண்ணீர் உண்டாகும், அது சைலன்சர் கரியையும் சேர்த்துக்கொண்டு வரும்.

கேள்வி: ஆர்எக்ஸ் 100 வைத்திருக்கிறேன். சைலன்சர் அடைத்துக்கொள்கிறது, காஸ்டிக் சோடா ஊற்றலாமா?

பதில்: டூ ஸ்ட்ரோக்கில் கரி நிஜமான வேலை, ஏனென்றால் ஆயிலும் சேர்ந்தே எரிகிறது. பின்முனை போல்ட்டைக் கழற்றி பேஃபிள் குழாயை (சைலன்சருக்குள் சத்தத்தைக் குறைக்கும் குழாய்) உருவினால் பாதி வேலை முடிந்தது. காஸ்டிக் சோடா இரும்பு பேஃபிளுக்கு மட்டும், அதுவும் தனி பிளாஸ்டிக் வாளியில், கையுறை, கண்ணாடியோடு. அலுமினிய பாகத்தில் பட்டால் அரித்துவிடும், தீப்பிடிக்கும் வாயுவும் கிளம்பும். எக்ஸாஸ்ட் போர்ட்டை மரக்குச்சியால் சுரண்டும்போது பிஸ்டனை மேலே ஏற்றி போர்ட்டை மூடிவையுங்கள், தூள் சிலிண்டருக்குள் விழாது. புகை குறைய டப்பாவில் ஜாசோ எஃப்சி அல்லது எஃப்டி தரம் என்று போட்ட 2டி (டூ ஸ்ட்ரோக்) ஆயிலும், சரியாக வைத்த ஆயில் பம்ப் அளவும் போதும்.

கேள்வி: என்னைக் கேட்காமலேயே செய்துவிட்டுப் பணம் கேட்டார்கள். கொடுத்துவிட்டேன், பில் தரவில்லை.

பதில்: ஜாப் கார்டில் நீங்கள் கையெழுத்திட்ட வேலைகளில் அது இல்லையென்றால் உங்கள் பக்கம் பலம். ஜாப் கார்டின் நகலையும் பணம் போன யுபிஐ பதிவையும் எடுத்துவைத்து, பில் கேட்டு எழுத்தில் ஒரு செய்தி அனுப்புங்கள். பில் தர மறுப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்யுங்கள். அங்கும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை, 2 ஆண்டுகளுக்குள் போக வேண்டும். அடுத்த முறை வண்டியை விடும்போது ஜாப் கார்டிலேயே ‘கூடுதல் வேலை எதுவும் போனில் கேட்ட பிறகே’ என்று எழுதிக் கையெழுத்திடுங்கள்.